மேலே சுற்றியது நான்தான்

மே 14

பனி உருகி ஓடுதளத்தைச் சுற்றி ஒரே சேறு. எங்கள் டிரெய்லரைப் போன வருடம் நின்ற இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு நாற்காலி, ஐந்து திரை, பாதி நாள் வேலை செய்யாத காபி மெஷின். மொன்டானாவில் காட்டுத்தீக் காலம் தொடங்கப்போகிறது. இந்தக் கோடைக்கும் என் விமானி அறை இதுதான். ஆளில்லா விமானம் மலைக்கு மேலே இருக்கும். நான் இங்கே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ரோலண்டும் வந்துவிட்டான். ஓட்டுவது நான், கேமரா அவன். நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிப்பான். சாயங்காலம் தோலைப் பெருக்குவது யார் என்பதில்தான் எங்களுக்குள் சண்டையே.

மத்தியானம் தீயணைப்பு விமானம் ஓட்டும் ஹாலிஸ் எட்டிப் பார்த்தான்.

“என்ன மாவிஸ், உன் புல்வெட்டி இன்னும் உயிரோட இருக்கா?”

“உன் தண்ணி லாரியே பறக்குது, இது பறக்காதா?”

“என் லாரியில ஆள் இருக்கான்மா. உன் வண்டிக்குள்ள யாரு இருக்கா? வெறும் காத்து.”

எங்கள் சின்ன விமானத்தின் இன்ஜின் புல்வெட்டும் மெஷின் மாதிரியேதான் கத்தும். அதில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒன்பது கோடைகள் அவனுக்கு முன்னால் பறந்திருக்கிறேன். வழிகாட்டும் விமானம் என்னுடையது. தீ எந்தப் பக்கம் போகிறது, காற்று எங்கே முரண்டு பிடிக்கிறது, தீத்தடுப்புக் கலவையை எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை கொட்ட வேண்டும் – நான் பறந்து காட்டுவேன், அவன் பின்னாலேயே வந்து கொட்டுவான். பிறகு ஒரு காலையில் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தேன். உரிமம் போயிற்று. எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அவன் மட்டும் கேலி செய்தான். அதனால்தான் அன்றைக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 9

நேற்று எங்கள் விமானம் விழுந்துவிட்டது. பயிற்சியின்போது இன்ஜின் நின்று, பைன் காட்டுக்குள் சொருகிக்கொண்டது. திரையில் மரக்கிளை வந்தது, பிறகு ஒன்றுமில்லை. ரோலண்ட் “அடச்சீ” என்றான். அவ்வளவுதான். நான் எழுந்து காபி போட்டேன்.

இன்று ஹாலிஸும் அவன் மனைவி லெனோரும் கேக் வாங்கிவந்து, அதில் ஒரே ஒரு மெழுகுவத்தி நட்டு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, “நல்ல புல்வெட்டி. யார் வம்புக்கும் போகாது. ஆளே இல்லாமப் பொறந்துச்சு, ஆளே இல்லாமப் போயிடுச்சு” என்றான். ரோலண்டுக்கு விதை புரையேறிவிட்டது.

லெனோர் சிரிக்கவில்லை. கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்: “விழுந்தா யாரும் அழ வேணாம். அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?”

ஹாலிஸ் அவள் தோளில் கை போட்டான். புது விமானம் வியாழக்கிழமை பெட்டியில் வருகிறது.

ஜூலை 22

காப்பர் ரிட்ஜில் மின்னல் வைத்த தீ. நாலு நாளாக எரிகிறது. காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை அடைத்துக்கொள்கிறது. ஆள் ஓட்டும் விமானம் எதுவும் எழும்ப முடிவதில்லை. எங்களுடையது மட்டும் போகும். விழுந்தாலும் பரவாயில்லை என்பதால்தான் போகிறது. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

பறக்க முடியாத ஹாலிஸ் எங்கள் டிரெய்லரில் வந்து உட்கார்ந்துகொண்டான். வெப்பம் பார்க்கும் கேமராவில் சூடானது வெள்ளை, ஆறியது கறுப்பு. புகைக்குள்ளே தீயின் விளிம்பு வெள்ளிக் கம்பி மாதிரி தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடுறதை நீ உட்கார்ந்த இடத்துலயே பாத்துடுறியே. உனக்கு என்னதான் குறை இதுல?”

“உடம்பு இல்லை. காத்து கீழ அழுத்துனா உனக்கு முதல்ல வயித்துல தெரியும். அப்புறம்தான் மீட்டர்ல முள்ளு நகரும். எனக்குத் திரையில நம்பர் மாறும். அவ்வளவுதான்.”

“அப்போ பயமே இல்லைன்னு சொல்லு.”

“பயம் இருக்கு ஹாலிஸ். போக இடம் இல்லாம இங்கயே குந்தியிருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. போகும்போது ரோலண்டின் விதைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 30

காற்று. நாள் முழுக்கக் காற்று.

ஆகஸ்ட் 4

ஹாலிஸ் போயிட்டான்.

எழுத வரல.

ஆகஸ்ட் 6

விசாரணைக்கு வந்தவர்களிடம் நேற்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காதது இங்கே.

தீயணைப்புக் குழு ஒன்று முகட்டில், தீ தாண்டாமலிருக்க, செடிகொடியை அகற்றிக் கோடு வெட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர். பின்மதியத்தில் காற்று திரும்பி, தீ அவர்களை நோக்கி ஏறியது. ஹாலிஸைக் கூப்பிட்டார்கள். எங்கள் விமானம் எப்போதும்போல அவனுக்கு மேலே வெகு உயரத்தில், எங்களுக்கு ஒதுக்கிய உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே காற்று சாதாரணமாக இருந்தது. அவன் தாழ வந்தான். தீக்கும் ஆட்களுக்கும் நடுவே சிவப்புக் கலவையைக் கொட்டினான் – அவ்வளவு நேரான கோட்டை நான் பார்த்ததில்லை. கொட்டிவிட்டு ஏறினான். முகட்டுக்குப் பின்னால் காற்று கீழே இழுத்தது. இறக்கை மரத்தில் பட்டது.

என் விமானத்தில் ஒரு நம்பர்கூட மாறவில்லை.

ரோலண்ட் தேடிக் கண்டுபிடித்தான். உடைந்த விமானம் ஓடைப் பக்கம் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் பாறைச் சரிவில் ஒரு வெள்ளை உருவம். ஊர்ந்து அங்கே வந்திருக்கிறான். ரோலண்ட் கத்தினான்: “அசையறான்! மாவிஸ், கையை ஆட்டுறான்!”

முகட்டில் இருந்த பன்னிரண்டு பேரும் அவனை நோக்கி இறங்க ஆரம்பித்தார்கள். வழியெல்லாம் விழுந்த மரம். ஹெலிகாப்டர் ஒன்று வந்தது. புகை மூடிவிட்டது, ஓட்டியவள் இரண்டு முறை முயன்றாள். பின்னால் மருத்துவ உதவியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துப் பலி கொடுக்க முடியாதே. திரும்பிப் போனாள். ரேடியோவில் அவள் குரல் உடைந்திருந்தது.

புகைக்குள்ளே அவனைப் பார்க்க முடிந்தது எங்களுக்கு மட்டும்தான். பார்க்க மட்டும்தான் முடிந்தது. கயிறு இறக்க முடியாது, தண்ணீர் போட முடியாது. உட்கார ஒரு சீட்கூட இல்லாத விமானம்.

தளப் பொறுப்பாளர் வான்ஸைக் கூப்பிட்டேன்.

“வான்ஸ், நான் கீழ இறங்குறேன்.”

“உன் உயரத்துலயே நில்லு மாவிஸ். ஹெலிகாப்டர் திரும்ப வந்தா இடிச்சுக்கும்.”

“அது வராது. வானத்துல இப்ப என்னைத் தவிர யாரும் இல்லை. அவனுக்கு என் சத்தம் கேக்கணும்.”

வான்ஸ் ஹெலிகாப்டரை ரேடியோவில் கூப்பிட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு, “இறங்கு” என்றார்.

இறக்கினேன். மரத்தின் தலை உரசுகிற உயரத்துக்குக் கொண்டுவந்து, அவனைச் சுற்றி வட்டம் போட்டேன். இரண்டாவது வட்டத்தில் அவன் தலை திரும்பியது. மேலே பார்த்தான். விமானம் அவன் இடது பக்கம் போனபோது முகம் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் போனபோது வலது பக்கம் வந்தது. அவனுக்குக் கேட்டது. யாருடையது என்றும் தெரிந்திருக்கும் – அந்தச் சத்தத்தை அவனைவிடக் கேலி செய்தவர் யார்?

நான் டிரெய்லருக்குள் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தேனாம். ரோலண்ட் சொல்கிறான். எனக்கு நினைவில்லை. “வந்துட்டாங்கடா, ஓடையைத் தாண்டிட்டாங்கடா” என்று சொன்னேனாம்.

அப்புறம் அவன் முகம் சத்தத்தோடு திரும்புவது நின்றது. வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகியது. கடைசியில் எது பாறை, எது அவன் என்று கேமராவுக்குத் தெரியவில்லை. ரோலண்ட் விசையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குழு வந்து சேர்ந்தபோது அவனைச் சுற்றிப் பன்னிரண்டு வெள்ளை உருவங்கள். ஒவ்வொருவராக மண்டி போட்டார்கள்.

எரிபொருள் தீரும்வரை சுற்றினேன். எதுக்குன்னு தெரியல. நிறுத்த முடியல.

ஆகஸ்ட் 10

அடக்கம் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் கை கழுவியும் போகாத கரியோடு வந்திருந்தார்கள். லெனோர் ஒவ்வொருவரையும் அணைத்துக்கொண்டாள். என் முறை வந்தபோது கையை மட்டும் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 17

லெனோர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தாள். கையில் பத்திரிகை. நான் ஏற்கனவே படித்திருந்தேன்: ‘விபத்து நடந்த இடத்துக்கு அருகே ஆளில்லா விமானம் ஒன்று மட்டுமே இருந்தது.’

“நேராக் கேக்குறேன், நேராச் சொல்லு. ஹாலிஸ் தனியாவா செத்தான்?”

“இல்லை. நான் கூட இருந்தேன்.”

“நீ டிரெய்லர்ல இருந்த.”

உண்மைதானே. டிரெய்லருக்கும் மலைக்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சாலையில்தான் தினமும் போகிறாள்.

“அவனுக்குச் சத்தம் கேட்டுச்சு லெனோர். திரும்பித் திரும்பிப் பாத்தான்.”

“என்னத்தைப் பாத்தான்? உள்ள யாருமே இல்லாத ஒண்ணை.”

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள். நான்தான் சாத்திவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3

மழை. தீ அடங்குகிறது.

வான்ஸ் மேலிடத்துக் கூட்டத்துக்குப் போய் வந்தார். அடுத்த வருடம் எங்களைப் போல இன்னும் மூன்று டிரெய்லர்கள் வருமாம். அங்கே ஒருவர் பேசினாராம், ஆளில்லா விமானங்கள் அதிகமிருந்தால் இப்படி உயிர் போகாது என்று. இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததுதான். இப்போது கொடுக்கிறார்கள்.

ஆனால் என் விமானத்தால் ஒரு வாளிக் கலவையைக்கூடத் தூக்க முடியாதே. அன்றைக்கு அவன் இடத்தில் என்னுடையது மட்டும் இருந்திருந்தால்? ஹாலிஸ் இன்று உயிரோடு இருப்பான். அந்தப் பன்னிரண்டு பேரும் எரிவதை நான் மிகத் தெளிவாகப் பார்த்திருப்பேன்.

இந்தக் கணக்குக்கு விடை வராது. படுக்கப்போகிறேன்.

அக்டோபர் 11

டிரெய்லரைக் காலி செய்யும்போது ரோலண்ட் கேட்டான்: “அன்னைக்கு நீ பேசினதெல்லாம் அவனுக்குக் கேட்டிருந்தா?”

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவனே சொன்னான்: “ஒரு ஸ்பீக்கர்தானே மாவிஸ். எடை அதிகமில்லை. கொஞ்சம் எரிபொருளைக் குறைச்சா விமானத்துல மாட்டிடலாம்.”

வீட்டுக்கு வந்து அழுதேன். இத்தனை சின்ன விஷயம்.

ஜனவரி 26

வான்ஸிடம் மூன்றாவது முறையாக ஸ்பீக்கர் கேட்டேன்.

“வேவு பாக்குற விமானத்துக்கு வாய் எதுக்கு மாவிஸ்?”

“கீழ இருக்கிற ஆளுக்காக.”

பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “ஒண்ணுல மாட்டிப் பாக்கலாம்” என்றார்.

ஏப்ரல் 19

கடையில் லெனோர். நான் வேறு வரிசைக்கு நகரப் பார்த்தேன். அவளே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ரொம்ப இளைத்துவிட்டாள்.

“ரோலண்ட் வந்திருந்தான். ஏதோ ஸ்பீக்கர் மாட்டுறீங்களாமே.”

“ஆமா. வர்ற மாசம் சோதனை.”

“கீழ யாரு நிக்கப்போறா?”

“யாராவது. ரோலண்ட் நிப்பான்.”

உருளைக்கிழங்குப் பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

“நான் நிக்கிறேன்” என்றாள்.

மே 21

ஓடுதளத்துக்கு வடக்கே உள்ள புல்வெளியில் லெனோரை நிற்க வைத்தோம். திரையில் அவள் தனியாக ஒரு வெள்ளை உருவம். சுற்றிலும் ஈரப் புல், கறுப்பாக. இறங்கி வட்டம் போட்டேன். அவள் அசையவில்லை.

வாசிக்க வேண்டியதை வான்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார்: ‘இது சோதனை ஒலிபரப்பு. உதவி வந்துகொண்டிருக்கிறது. இருந்த இடத்திலேயே இருங்கள்.’ மைக்கை எடுத்தேன். அந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

“லெனோர், நான்தான். மாவிஸ்.”

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். ஈரம் என்றுகூடப் பார்க்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நான் தடுமாறிவிட்டேன். ஒரு வட்டம் முழுக்கச் சும்மா போயிற்று.

போன் அடித்தது. ரோலண்ட் எடுத்து என் காதில் வைத்தான். அவள் பக்கம் பின்னணியில் என் விமானத்தின் சத்தம்.

“கேக்குதா லெனோர்?”

“கேக்குது.” மூக்கை உறிஞ்சினாள். “ஏன் நிறுத்திட்ட? பேசு.”