கோடு போட்ட கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவை இடம் மாற்றிவிட்டார்கள்.

மருந்துத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக மாத்திரை அட்டைகளின் காலாவதித் தேதியைச் சரிபார்த்த அம்மா, திங்கட்கிழமையிலிருந்து பெட்டி தூக்கும் பகுதியில் நிற்கிறாள். முழங்கால் வீங்கியிருக்கிறது. கேட்டால், "நின்னு வேலை செஞ்சா உடம்புக்கு நல்லதுடி" என்கிறாள்.

வருடாந்திரப் பணி மதிப்பீட்டுப் படிவத்தை எப்போதும் நீதானே நிரப்புவாய்? நீ கல்யாணமாகிப் போனதால் இந்த முறை என்னிடம் வந்தது. பரீட்சைத் தாள் போல நினைத்து, முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்தேன். பழைய நகல்களைப் பார்த்தேன்; 'பணியில் உள்ள குறைகள்' என்ற கட்டத்தில் நீ ஒவ்வொரு வருடமும் 'ஏதுமில்லை' என்று எழுதியிருந்தாய். எனக்கு உண்மையை எழுத வேண்டும் என்று தோன்றியது. அம்மா வீட்டில் சொல்வதையே, 'மாலையில் சிறிய எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. அதனால் இருமுறை பார்க்கிறேன்' என்று எழுதினேன்.

அடுத்த கட்டம், 'நிறுவனத்திடமிருந்து தேவைப்படும் உதவி'. அம்மா துணி மடித்துக்கொண்டே, "யார்கிட்டயும் எதுவும் கேக்க வேணாம், கோடு போட்டு விடு" என்றாள். போட்டேன். நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று படிக்காமலே கையெழுத்திட்டாள்.

நேற்று அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "மருந்து விஷயம்மா, கண்ணு மங்குதுன்னு தெரிஞ்சப்புறம் அங்க எப்படி வைக்கிறது? கண்ணாடி வேணும்னு அந்தக் கட்டத்துல ஒரு வார்த்தை எழுதியிருந்தா கம்பெனியே வாங்கிக் கொடுத்திருக்கும். போன மாசம் ரெண்டு பேருக்குக் கொடுத்தோம்" என்றார். இப்போது எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அந்த மேசைக்கு வேறு ஆள் வந்தாயிற்றாம். அடுத்த வருடப் படிவத்தில் எழுதச் சொன்னார்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "என் கண்ணு மங்குறதை அந்த மனுஷன் எப்படியோ கண்டுபிடிச்சிட்டாரு, கெட்டிக்காரர்" என்கிறாள். அதைவிட, சின்னவள் படிவத்தை முத்து முத்தாக எழுதினாள் என்று பக்கத்து வீட்டில் பெருமையடிக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போனில் அம்மாவிடம் சொல்லிவிடாதே, நான்தான் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று மட்டும் எழுது. அம்மாவின் கண் மங்குவது தெரிந்தேதான் நீ 'ஏதுமில்லை' என்று எழுதினாயா?

உன் போன கடிதத்திலும் 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்றுதான் இருந்தது. அங்கே யாராவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், தயவுசெய்து கோடு போட்டுவிடாதே, அக்கா.

இப்படிக்கு,
உன் புத்தகப் புழு