பதினேழாம் அத்தியாயத்துச் சித்தப்பா

தை 5, வெள்ளி

காலையில் பனி. எதிர்க்கரைத் தென்னை தெரியவில்லை. சம்பாக் கதிர் சாய்ந்து கிடக்கிறது. அறுக்க ஆள் இல்லை. கூலிப் பேச்சு மூன்றாம் நாளாக. வடக்கு வரப்பில் சிவப்புக் கொடி. என் வயலில் நட்டதா, பக்கத்து வயலிலா என்று போய்ப் பார்த்தேன். சரியாக நடு வரப்பில். யோசித்து நட்டிருக்கிறார்கள்.

புது நோட்டு என்பதால், மறக்கக் கூடாதவற்றை மறுபடி எழுதி வைக்கிறேன்:

1. ஹெட்மாஸ்டர் வேலை. எனக்கு வர வேண்டியது. வேறொருவனுக்குப் போனது. ராஜினாமா.

2. வார இதழ். மூன்று கதை அனுப்பினேன். மூன்றும் திரும்பின. ஒன்றில் டீக்கறை.

3. மச்சினன், விசாலத்தின் அண்ணன். அவன் பெண் கல்யாணத்தில் எனக்கு இரண்டாம் பந்தி.

4. ராமலிங்கம். கும்பகோணத்தில் பி.ஏ. படித்தபோது ஒரே அறை. வாய்க்கால் ஓரத்து இரண்டு ஏக்கரை நம்பி, சீட்டு ஏதும் எழுதாமல், குத்தகைக்கு விட்டேன். இந்த ஆட்சியில் குத்தகைப் பதிவு வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தன் பெயரைப் பதிந்துகொண்டான். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அவன் சாகுபடியே செய்யவில்லை என்று, பதிவை ரத்து செய்ய நான் மனு.

வக்கீல் குமாஸ்தா கடிதம் இன்று. விசாரணை 15, திங்கள், நன்னிலம் தாலுகா ஆபீஸ். நான் சொல்ல வேண்டியதை அவரே எழுதி அனுப்பியிருக்கிறார்: 'எதிர்மனுதாரர் ராமலிங்கம் மேற்படி நிலத்தில் ஒரு போகமும் சாகுபடி செய்தவர் அல்ல.' ஒரே வாக்கியம். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் தொண்டை கமறியது. பனி.

மத்தியானம் விசாலத்தின் ரவிக்கைப் பை ஆணியில் தொங்கியது. தையல் டீச்சர் வீட்டிலிருந்து வந்த பை. ரவிக்கைக்கு இவ்வளவு கனம் ஏது? விசாலம் கொல்லையில். திறந்து பார்த்தேன். 'உஷா சொன்ன ஏழு பொய்' தொடர்கதை. இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து, சீட்டித் துணியில் அட்டை போட்டுத் தைத்திருக்கிறது. என் கதைகளைத் திருப்பி அனுப்பிய அதே இதழ்.

மாலை மதகு வரை. தண்ணீர் பார்க்க. அக்கரையில் ராமலிங்கம் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். நான் பார்க்கவில்லை.

தை 6, சனி

விசாலம் கோவிலுக்குப் போனதும் படித்தேன். உஷா, நளினி என்று இரண்டு தோழிகள், பட்டணத்து ஹாஸ்டல். ஓர் எஞ்சினியர். உஷா விளையாட்டாகப் பொய் சொல்கிறாள், எஞ்சினியர் நளினிக்குப் பூ வாங்கிப் போகிறான், பூ வார்டன் கையில் சேர்கிறது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இதற்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

கதையைவிட ஓரங்கள்தான் விஷயம். ஊர்ப் பெண்கள் வீடு வீடாக வாங்கிப் படித்து ஓரத்தில் அபிப்பிராயம் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாறு கையெழுத்து.

'இந்த எஞ்சினியருக்குப் படிப்பு இருக்கிறது, புத்தி இல்லை.'

'என் வீட்டுக்காரர் பூ வாங்கி வந்தால் நான் டாக்டரைக் கூப்பிடுவேன்.'

'நளினி மாதிரி சிநேகிதி இருந்தால் கல்யாணமே வேண்டாம்.' இதன் கீழே வேறு மை: 'உனக்கு ஆகிவிட்டது. போய் உலையைப் பார்.'

பதினேழாம் அத்தியாயம் மட்டும் அச்சு இல்லை. கோடு போட்ட தாள், எட்டுப் பக்கம், நீல மை. ஐப்பசியில் மறியல் நடந்து பஸ் நின்ற வாரம் இதழ் வரவில்லை; அந்த அத்தியாயம்தான். யாரோ பார்த்து எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்படி இல்லை.

அதில் உஷாவுக்கு ஒரு சித்தப்பா வருகிறார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, பதினேழில் மட்டும். ரசத்துக்குச் சோறு பிசையும்போது தனக்குத் துரோகம் செய்தவர்கள் பெயரை வரிசையாகச் சொல்வார். வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். ஒரு சிநேகிதனுக்குக் குடை கொடுத்தார். அவன் வெள்ளை நூலில் தன் பெயரைக் குடையில் தைத்துக்கொண்டான். சித்தப்பா பஞ்சாயத்தில் நின்று, 'என் குடையை அவன் ஒரு நாளும் பிடித்ததில்லை' என்கிறார். ஆனால் தினமும் சாயங்காலம் பாலத்தடிக்குப் போய், அந்தக் குடை எதிர்க்கரையில் வருகிறதா என்று பார்க்கிறார். கேட்டால், ஆற்றில் தண்ணீர் பார்க்கப் போனேன் என்பார்.

பஞ்சாயத்து வரிக்குப் பக்கத்தில்: 'எட்டாவது பொய். உஷாவுடையது அல்ல, சித்தப்பாவுடையது.' கீழே: 'சித்தப்பாவுக்குப் புளுக வரவில்லை. பாவம்.' அதன் கீழே: 'இருப்பதில் இதுதான் நல்ல அத்தியாயம். சித்தப்பாவை மறுபடி கொண்டு வரவும்.'

காப்பி ஆறிப்போனது. மாலை மதகுக்குப் போகவில்லை.

தை 8, திங்கள்

கூலிப் பேச்சு முடிந்தது. நாளை அறுப்பு. கொடி இன்னும் அங்கேயே.

யோசித்துப் பார்த்ததில் தெளிவு. இது ராமலிங்கத்தின் வேலை. காலேஜில் சிரிப்பு நாடகம் எழுதியவன். விசாரணைக்கு முன்னால் ஊர் முழுக்க என்னைக் கேலிப்பொருளாக்குவது நோக்கம். கையெழுத்து அவனுடையது இல்லை. யாரையோ விட்டுப் படி எடுத்திருக்கிறான்.

ஆனால் ரசம்? தாழ்ப்பாள்? என் வீட்டில் இருப்பது மூன்று ஜீவன். நான் சொல்லவில்லை. பசு சொல்லாது.

தையல் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ரவிக்கை தயாரா என்று கேட்பதுபோல. விதவை, தனியாக இருக்கிறாள், எல்லா வீட்டுப் பையும் அவளிடம்தான் போய் வருகிறது. மிஷினை நிறுத்தவே இல்லை. ரவிக்கை அன்றே பையில் வைத்தாயிற்றே என்றாள். பிறகு, தலை நிமிராமல்:

"பதினேழுக்காக ரெண்டு வீட்ல காத்திருக்காங்க சார். நீங்க முடிச்சுட்டீங்கன்னா குடுத்துடுங்க."

நான் படிப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

தை 9, செவ்வாய்

அறுப்பு. நல்ல வெயில். களத்தில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வழக்கமாக நிறுத்துவதுதானா, இன்று புதிதா, தெரியவில்லை.

மாடத்தில் மளிகைச் சீட்டு கிடந்தது. துவரம்பருப்பு, மல்லி, கட்டிப் பெருங்காயம். பதினேழாம் அத்தியாயத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கை. இருபத்திரண்டு வருஷத்தில் மளிகைச் சீட்டைத் தவிர அவள் எழுதி நான் எதையும் பார்த்ததில்லை. எட்டாவது வரை படித்தவள். ராமலிங்கம் சொல்லச் சொல்ல எழுதினாளா?

கேட்டேன். இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான் எழுதினேன். யாரும் சொல்லித் தரலை. பதினாறுல உஷா மொட்டை மாடியில அழுதுக்கிட்டு நிக்கறா, பதினெட்டுல கல்யாணப் பந்தல்ல சிரிக்கறா. நடுவுல என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க."

"அதுக்கு நான் வரணுமா? ஊரே சிரிக்கணுமா?"

"சிரிக்கலைங்க. பாவம்னுதானே எழுதியிருக்காங்க."

அது அதைவிட மோசம் என்றேன். இலையைக் கீழே வைத்தாள்.

"குடையைத்தான் எழுதினேன். நெலத்தை எழுதலை. திங்கக்கிழமை நன்னிலத்துல போய் என்ன சொல்லப்போறீங்க?"

வக்கீல் சொன்னதை என்றேன்.

"சித்தப்பாவும் அதைத்தான் சொல்றாரு. அந்தக் கதையில மத்த ஏழு பொய்யையும் எல்லாரும் ரசிச்சாங்க. அது ஒண்ணைத்தான் ஒருத்தரும் நம்பலை."

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். ரசத்தில் யார் பெயரையும் சொல்லவில்லை. அவள் கவனித்ததாகத் தெரிந்தது.

புத்தகம் அடுத்து எந்த வீட்டுக்கு என்று கேட்டதற்கு, ராமலிங்கம் வீட்டு முறை என்றாள். அவன் மனைவி ஒரு மாதமாகக் கேட்கிறாளாம். ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன். ஒளித்தால் நான்தான் சித்தப்பா என்று நானே ஒப்புக்கொண்டதாகும். கொடுத்துவிட்டேன்.

தை 12, வெள்ளி

மேகமூட்டம். நெல் களத்தில்; மழை வந்தால் போச்சு. வரவில்லை.

பை திரும்பி வந்தது. டீச்சர் 'சார் பார்க்கணும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பதினேழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம், அடியில், பென்சில். இந்தக் கையை எனக்குத் தெரியும். மூன்று வருஷம் அவன் நோட்டைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதினேன்.

'கேட்டிருந்தால் குடையைக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. நோட்டீஸ் அனுப்பினார்.'

பொய்.

நோட்டீஸ் அனுப்பியது உண்மை. கேட்கவில்லை என்பதும், வார்த்தையாகப் பார்த்தால், உண்மை. நான் ஏன் கேட்க வேண்டும்? இது வலையாகக்கூட இருக்கலாம். இதையே சாட்சியமாகக் காட்டுவானோ? பென்சில் சாட்சியம் செல்லுமா? குமாஸ்தாவிடம் கேட்க முடியாது. எந்தப் புத்தகம் என்பார்.

மாலை மதகு. அவனும் வந்திருந்தான். மாடு இல்லாமல்.

தை 13, சனி

நெல் மூட்டை கட்டியாயிற்று. தலைவலி. வாக்கியம் மனப்பாடம்; கமறல் நிற்கவில்லை. பனி இல்லை.

பிற்பகல் நான்கு மணிக்குப் பேனா எடுத்து, பென்சிலுக்குக் கீழே எழுதினேன்:

'பெயர் தைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொண்டுபோய்த் தைத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன்.'

எழுதிய பிறகுதான் படித்தேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். மை காய்ந்துவிட்டது. பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் ஆணியில் பை இல்லை.

தை 14, ஞாயிறு

பை மறுபடி. விசாலம் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள். அவன் பதில் ஏதும் இல்லை. என் வரிக்குக் கீழே ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது. தண்ணீர் கொட்டியதா, வேண்டுமென்றேவா?

அதற்கும் கீழே டீச்சர் கை: 'புத்தகத்தில் சண்டை வேண்டாம். அடுத்தவர் படிக்க வேண்டும்.'

தை 15, திங்கள்

காலை ஏழரை பஸ். கிளம்பும்போது விசாலம் கோடு போட்ட நோட்டு ஒன்று, எண்பது பக்கம், வாங்கி வரச் சொன்னாள். விபூதி வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் ராமலிங்கம் இரண்டு சீட் முன்னால். திரும்பவில்லை. கண்டக்டரிடம் காசு நீட்டினேன். "உங்களுக்கும் முன்னாடி சீட்டுக்காரர் எடுத்துட்டாருங்க" என்றான். எதற்கு எடுத்தான்? விசாரணைக்குப் போகிற பஸ்ஸில் எதிர்க்கட்சிக்கு எவன் டிக்கெட் எடுப்பான்? நன்னிலம் வரை யோசித்தேன். தெரியவில்லை.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா என் முழங்கையைத் தொட்டு, அந்த வாக்கியம் போதும் சார் என்றார். மேற்படி நிலத்தில் இவர் சாகுபடி செய்தாரா என்று அதிகாரி கேட்டார். ராமலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னந்தலையில் நரை. இவ்வளவு நரை என்று அக்கரையிலிருந்து தெரிந்ததில்லை.

"செஞ்சான். ஆறு போகம்" என்றேன். தொண்டை கமறவில்லை.

குமாஸ்தா கேஸ் கட்டை மூடிவிட்டார். இனிமேல் என் முகத்தில் விழிக்க மாட்டார். பட்டியலில் சேர்க்க வேண்டும். பதிவு அவன் பெயரிலேயே நிற்கும். நான் செய்தது முட்டாள்தனமா என்று நாளை யோசிக்க வேண்டும். வெளியே அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கடைத்தெருப் பக்கம் போய்விட்டேன்.

நோட்டு. அவள் கேட்டது எண்பது பக்கம். இருநூறு பக்கம் வாங்கினேன். இன்னும் என்னவெல்லாம் எழுதப்போகிறாள் என்று பார்த்துவிடலாம்.