பின்கதவுப் பூட்டு

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் எனக்குக் காலர் தைக்கிற வேலைதான். லினன் சட்டைகள், ஐரோப்பாவுக்குப் போகிறவை. சட்டையில் கட்டும் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்து மிஷின் ஹாஃபிஸாவைக் கேட்டேன். "அவசரப்படாம, யாரையும் வருத்தாம தைச்ச துணியாம்க்கா" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். சூப்பர்வைசர் மதிவாணன் முறைத்தார்.

ஜூன் 13, வெள்ளி

எழுத்து கோணுகிறது.

மத்தியானம் அயர்ன் மேஜையில் வயர் கருகி, துணிக்கட்டில் தீ பிடித்தது. முன்வாசல் அந்தப் பக்கம்தான். எல்லாரும் பின்கதவுக்கு ஓடினோம். பூட்டு! துணி திருடு போகிறதென்று பூட்டியே வைத்திருக்கிறார்கள். சாவி மதிவாணன் சாரிடம். அவர் நீடாமங்கலம் போயிருந்தார். ஒரே புகை. ஹாஃபிஸாவுக்கு ஏழாம் மாதம் — "அக்கா, மூச்சு முட்டுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவை அடித்துக்கொண்டே இருந்தேன். வாட்ச்மேன் மணலைக் கொட்டி அணைத்தார்.

யாருக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லையாம்!

ஜூன் 14, சனி

துவைத்தும் சேலையில் புகை வாசம் போகவில்லை. எனக்கு மட்டும்தான் அடிக்கிறதா?

ஜூன் 16, திங்கள்

பூட்டு அப்படியே தொங்குகிறது. வியாழக்கிழமை, சட்டைகளை வாங்குகிற பையர் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறார்கள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க. மதிவாணன் சார் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "கதவு எப்பவும் தெறந்துதான் இருக்கும். தீயெல்லாம் ஒண்ணும் புடிக்கல. ஆர்டர் போச்சுன்னா உங்க வேலையும் போச்சு, பாத்துக்குங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ வாயத் தெறக்காத. வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரல, குறுவை என்னாகும்னே தெரியல" என்றார். அவர் சொல்வதும் சரிதானே. சரியா?

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். ஐயோ.

காலையிலேயே பூட்டைக் கழற்றிவிட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். என்னைத் தனியாக உட்காரவைத்து, "பயப்படாம சொல்லுங்க, அந்தக் கதவு தினமும் தெறந்திருக்குமா?" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதிவாணன் சார் நிற்கிறார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இன்னைக்குத்தாங்க தெறந்தாங்க" என்று வந்துவிட்டது. அப்புறம் தீ, புகை, ஹாஃபிஸா — எல்லாம்.

ஏன்டி செம்மொழி சொன்ன? யாரு கேட்டா உன்ன?

ஜூன் 20, வெள்ளி

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "இனிமே வர வேணாம்."

ஜூன் 23, திங்கள்

காலையில் ஹாஃபிஸா போன் பண்ணினாள். "அக்கா, யாரும் மிஷின்ல உக்காரல. நீங்க வந்தாத்தான் தைப்போம்னு ஞானாம்பாள் அக்கா சொல்லிட்டாங்க." செக்கிங்கில் இருக்கும் ஞானாம்பாள் அக்காவா? என் முகத்தைப் பார்த்துக்கூடப் பேச மாட்டாரே!

போகவே பயம். வீட்டுக்காரரே வண்டியை எடுத்தார். உள்ளே ஒரு மிஷினும் ஓடவில்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கதவைச் சரிசெய்யாமல் சரக்கு எடுக்க மாட்டோம் என்று பையரும் சொல்லிவிட்டார்களாம். மதிவாணன் சார் முதலாளியோடு போனில் பேசிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "போய் உக்காரு."

ஜூலை 4, வெள்ளி

பின்கதவுக்கு இப்போது உள்ளிருந்து தள்ளினாலே திறக்கிற தாழ். ஆனாலும் அயர்ன் பாக்ஸ் வாசம் தூக்கலாக அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

மத்தியானம் கதவைத் திறந்து வைத்தோம். வயல் காற்றில் நூல் பிசிறெல்லாம் பறந்து செக்கிங் மேஜையில் போய் ஒட்டியது. "எவடி அந்தக் கதவத் தெறந்தது?" என்று ஞானாம்பாள் அக்கா சாயங்காலம் வரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தார்.