சீவல் விழுந்த பக்கம்

ஜூன் 3, திங்கள்

எங்கள் பட்டறைக்கு இன்று ஒரு ரம்பம் வந்து இறங்கியது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது — மாமா, வாயைத் திறந்தால். ஆனால் இது இரும்பை மட்டும்தான் அறுக்கும், கேட்பவர்களை விட்டுவிடும்.

பேண்ட்சா. கட்டில் நீளம், யானைக்குட்டி கனம். இரண்டு பெரிய சக்கரம், அவற்றைச் சுற்றி வளையமாக ஒரு பல் வைத்த பிளேடு. சக்கரம் சுற்றினால் பிளேடு ஓடும். தலைப்பாகம் மெதுவாக இறங்கி இரும்பை அறுக்கும். பழைய மெஷின்தான். விற்றவர் வயதை மறைக்க உச்சி முதல் அடி வரை பச்சைப் பெயிண்ட் அப்பி அனுப்பியிருக்கிறார்.

சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மா — பட்டறைக்கும் முதலாளி, எனக்கும் முதலாளி — துடைப்பத்தை நீட்டினாள்.

"இதைப் பிடி. மெஷின்ல இருந்து மூணு அடி தள்ளியே நில்லு. ஒண்ணாந்தேதி ஆபரேட்டர் வராரு, அவர் பாத்துப்பாரு."

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா."

"வயசு முடிஞ்சுது. வாலு முடியலையே."

துடைப்பத்தை வாங்கிக்கொண்டேன். ஏப்ரலில் நான் செய்தது அப்படி. விரலெல்லாம் தக்காளி சாஸ் ஊற்றிக்கொண்டு பழைய கட்டர் பக்கத்தில் நின்று அலறினேன். அம்மா வெல்டிங் முகமூடியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இடது மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. மீதியை எடுத்தது அதே கட்டர். தெரிந்தும் செய்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

மாலை நேரப் பாலிடெக்னிக்கில் சேரப்போகிறேன். பகல் முழுக்க என் கையில். ஒன்றாம் தேதிக்குள் இந்த மெஷினை ஓட்டும் ஆள் நான்தான் என்று அம்மா வாயால் சொல்ல வைக்கிறேன். அதுவரை குறும்பு கிடையாது. ஒன்றுகூட.

ஜூன் 4, செவ்வாய்

குழாய்களை உருளையாகப் போட்டு, நெம்பி நெம்பி, மெஷினை அதன் இடத்துக்குத் தள்ளினோம். பின்னால் நீளக் கம்பி நுழைய இடம், முன்னால் ஆள் நிற்க இடம். மூன்றடிச் சட்டம் எனக்குக் கொஞ்சம் தளர்ந்தது. ரசமட்டம் பிடிக்க ஆள் இல்லை.

"குமிழி நடுவுல வந்துச்சா?" மாமா குப்புறப் படுத்தபடி கேட்டார்.

"வருது மாமா, கூச்சப்படுது."

"அது கூச்சப்படட்டும், நீ ஆட்டாம பிடி."

நடுவில் வந்ததும் தரையில் துளை போட்டு நான்கு போல்ட்டையும் முறுக்கினார். இனி இது நகராது. நானும்தான்.

ஜூன் 6, வியாழன்

மெஷினோடு வந்த புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். பாடப்புத்தகத்துக்குக் கிடைக்காத மரியாதை. பிளேடு மாட்டும்போது கையுறை கட்டாயம். ஓடும்போது கையுறை கூடவே கூடாது, பல் துணியைப் பிடித்தால் கையும் கூடப் போகும். தொங்கும் சட்டை கூடாது, விரிந்த முடி கூடாது. கம்பியை வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்காமல் பட்டனைத் தொடக்கூடாது. பிளேடு கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும்போது கிளப்பக்கூடாது.

காலையில் எலக்ட்ரீசியன் அண்ணா வந்து கரண்ட் கொடுத்தார். சக்கரம் சுற்றியது. மெயினை அணைத்துவிட்டு மாமா பிளேடைப் பிரித்தார். சுருட்டிக் கட்டியிருந்த கட்டை அவிழ்த்ததும் பாம்பு மாதிரி துள்ளி விரிந்தது. பிளேடு போடுவதில் எனக்கும் அனுபவம் உண்டு, என் வாத்தியார்களைக் கேட்டால் தெரியும். இது வேறு.

மாமா பல்லைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

"பல்லு எதிர்ப்பக்கம் பாக்குதே. சக்கரம் இப்படிச் சுத்துது, பல்லு அப்படி நிக்குது. மடிச்சவன் மாத்தி மடிச்சிட்டான்."

சட்டைக் கையைத் திருப்புவதுபோல் மொத்த வளையத்தையும் உள்வெளியாகத் திருப்பி மாட்டினார். மெஷின் அறுத்தது! தீப்பொறி இல்லை, காது கிழியும் சத்தம் இல்லை. எல்லோரும் கை தட்டினோம். எவ்வளவு கவனமான மனுஷன் என்று நானும்தான் நினைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

குறும்பு: பூஜ்யம். கை அரிக்கிறது.

ஜூன் 10, திங்கள்

பிளேடு அறுந்தது. நாலே நாளில்! டமார் என்று ஒரு சத்தம், மேல்மூடி சாத்தியிருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. அறுத்த துண்டுகளை அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்திருக்கின்றன, போட்டோவுக்குத் தலை சாய்த்தவர்கள் மாதிரி. பிளேடைக் குளிரவைக்கும் கூலன்ட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.

"மட்டமான பிளேடு," என்றார் மாமா. அடுத்ததையும் அதேபோல் திருப்பி மாட்டினார்.

ஜூன் 11, செவ்வாய்

பெருக்குகிறவளுக்குத்தான் குப்பையின் முகவரி தெரியும்.

அறுக்கும்போது உதிரும் இரும்புச் சீவல் விழுவதற்கென்றே வலப்பக்கம், மோட்டாரோடு இணைந்த சக்கரத்தின் அடியில், ஒரு தட்டு இருக்கிறது. பிளேடின் பல்லைத் துடைக்கும் கம்பி பிரஷும் அங்கேதான். இரண்டும் புதுசு மாதிரி பளபளக்கின்றன. இடப்பக்கம் வெறும் தரையில் கூடை கூடையாகச் சீவல். ஐந்து நாளாக அதைத்தானே அள்ளுகிறேன்! தட்டு ஒரு பக்கம், சீவல் மறுபக்கம் — யார் முட்டாள்? தட்டா, சீவலா, நாங்களா?

பிளேடு வலப்பக்கம் ஓட வேண்டும். இடப்பக்கம் ஓடுகிறது. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. மாமா பிளேடையும் தலைகீழாக மாட்டியதால் எப்படியோ அறுக்கிறது. ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிட்டது.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அறுக்குதில்ல? அப்புறம் என்ன?" — மாமா.

"இது எந்த நாடகத்தோட முதல் காட்சி?" — அம்மா.

"நிஜமாத்தாம்மா."

"அன்னிக்கும் நிஜமாத்தான் கத்தின."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 12, புதன்

மறுபடி புத்தகம். மோட்டார் சக்கரம் பிளேடைக் கம்பி வழியாக இழுக்க வேண்டுமாம், தள்ளக்கூடாது. தள்ளினால் அறுக்கும் இடத்தில் பிளேடு தொய்ந்து நெளியும். அதுதான் சாய்ந்த வெட்டு. கூலன்ட் பம்புக்கும் அதே கரண்ட், அதுவும் தலைகீழ், அதனால்தான் சொட்டு. வைஸிலும் கம்பி அசையாத தாடை மேல் சாயாமல் நகரும் தாடையை முட்டிக்கொண்டிருக்கிறது, பிடி தளரலாம்.

நாளை மதியம் ஆறு அங்குலத் தடிமனில் கெட்டிக் கம்பி அறுக்கப்போகிறார்கள். மாமா அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். கம்பி நழுவினால்? அவரிடம் மீதி இருப்பது ஒன்பதரை விரல்.

ஃபியூஸைக் கழற்றி ஒளித்து வைக்கலாம். மூன்று நிமிட வேலை, எனக்கு எல்லா ஒளிவிடமும் அத்துப்படி. ஆனால் ஒளித்தவள் சொல்வதை யார் நம்புவார்கள்? நாளைக்கு நிற்கும், நாளன்னிக்கு ஓடும். வேண்டாம்.

புத்தகத்தில் உள்ள படத்தில் மோட்டார் சக்கர மூடி மேல் ஒரு சின்னத் தகடு, அதில் சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி. எங்கள் மெஷினில் அது இல்லை. இல்லையா, பச்சைக்கு அடியில் இருக்கிறதா?

ஜூன் 13, வியாழன்

சாப்பாட்டு நேரம். எல்லோரும் உள்ளே. மெயினை இறக்கினேன். மெஷினில் கை வைப்பதற்கு முன் மெயினைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. என்னிடம் இருந்தது சைக்கிள் பூட்டு. மாட்டினேன்.

மூடியைத் தடவினேன். நகத்துக்கு ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன், தேய்த்தேன்... கை எரிந்தது. பச்சை கரைந்து தகடு தெரிந்தது.

"மெயின்ல யாரு பூட்டு போட்டது?"

அம்மா குரல். திரும்பினால் மாமாவும் பின்னால் நிற்கிறார். என் முகத்தில் பச்சை, கையில் பச்சை, மெஷினில் வழியும் பச்சை. இதைவிட மோசமாக யாரும் மாட்டியிருக்க முடியாது.

"சாவியக் குடுடி. வேலை கெடக்கு, உனக்கு வெளையாட்டு."

"தரேன். இதைப் பாத்துட்டு வாங்கிக்கோ."

"குடுன்னேன்."

"மாட்டேம்மா! நான் பொய் சொன்னா நாளையில இருந்து பட்டறைப் பக்கமே வரல. ஒரே ஒரு தடவ வந்து பாரு. மாமா கை உள்ள போறதுக்கு முன்னாடி பாரு!"

குரல் உடைந்துவிட்டது. அதை நான் திட்டமிடவில்லை.

அம்மா வந்தாள். குனிந்தாள். தகட்டில் ஆழமாக வெட்டிய அம்புக்குறி, நாங்கள் ஒரு வாரமாக ஓட்டிய திசைக்கு நேர் எதிராக. மாமா விரலால் அம்பைத் தடவி, "நான்தான் பிளேடத் திருப்பினேன்," என்றார், தனக்குத்தானே.

அம்மா எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே இரண்டு ஒயரை இடம் மாற்றினார். "தப்பு என் மேலயும்தான், எந்தப் பக்கம் சுத்தணும்னு கேக்காமப் போயிட்டேன்." மாமா பிளேடைத் திருப்பாமல் வந்தபடியே மாட்டினார், நான் மெயின் பூட்டைத் திறந்தேன். பட்டனை அழுத்தியதும் கூலன்ட் குழாய் திறந்த மாதிரி கொட்டியது. சீவல் வலப்பக்கம், தட்டில்.

ஆறு அங்குலம் நேராக அறுந்தது. அம்மா மூலைமட்டம் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் நுழைய இடமில்லை.

பூட்டைச் சைக்கிளில் திரும்ப மாட்டியபோது அம்மா ஒன்று மட்டும் கேட்டாள்: "ஃபியூஸப் புடுங்கியிருக்கலாமே?"

"யோசிச்சேன்."

ஜூன் 14, வெள்ளி

அம்மா துடைப்பத்தை மாமாவிடம் கொடுத்தாள். "ஒரு வாரம் நீ பெருக்கு." மாமா முறைத்தார். நான் சிரிக்கவில்லை. உலக சாதனை.

ஜூன் 20, வியாழன்

நான்கு நாளாக அம்மா என் தோள் பக்கத்தில் நின்று கேள்வியாகக் கேட்கிறாள். மெல்லிய குழாய்க்கு எந்தப் பல்? நெருக்கமான பல். குறைந்தது மூன்று பல்லாவது ஒரே நேரம் இரும்பில் பட வேண்டும். துண்டு மாட்டிக்கொண்டால்? முதலில் சிவப்புப் பட்டன், பிறகு மெயின், பிறகுதான் கை. சீவலை எதால் தள்ளுவ? பிரஷால்.

"கையால தள்ளினா?"

"கை இருந்தாத்தானே தள்ளுறதுக்கு."

முதுகில் ஒன்று விழுந்தது. "பதில் சரி. ஓடும்போது வாயத் தொறக்காத."

தண்டனையிலேயே பெரிய தண்டனை இதுதான். ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

முதல் பட்டன் என்னுடையது. ஒரு துண்டு. அம்மா கண் இமைக்காமல் பார்த்தாள், மெஷினை இல்லை, என்னை. நேரான வெட்டு. பிறகு இன்னும் ஐந்து. ஆறுக்கும் பார்த்தாள்.

ஜூலை 1, திங்கள்

காலையில் பதினெட்டுத் துண்டு. முடி கட்டு, கண்ணாடி, கையுறை கழற்றி மேசையில். வைஸை இறுக்கி, கம்பியை ஆட்டிப் பார்த்து, கிளப்பினேன். அம்மா வழக்கம்போல் தோள் பக்கத்தில்.

ஏழாவது துண்டு பாதி இறங்கியபோது அவள் போன் அடித்தது. ஆபரேட்டர். சிக்னல் சரியாக இல்லை என்று வாசல் பக்கம் போனாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இந்த மெஷின் சத்தம் போடாதது, எனக்குக் கேட்டது.

"இல்லைங்க, வர வேண்டாம். இங்க ஆள் இருக்கு."

அதற்குப் பிறகும் அங்கேயே நின்று வேறு யாரிடமோ ஆணி பற்றியும் பெயிண்ட் பற்றியும் வெகுநேரம் பேசினாள் என்று மாமா பிறகு சொன்னார். ஒருமுறைகூடத் திரும்பவில்லையாம்.

நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பிளேடு கம்பிக்குள் இருந்தது.