புங்கமரத்தடிக்குத் தூக்கிப் போனவளுக்கு

என் அன்புச் செல்லாயி, ஒரே வீட்டுக்கு எனக்குப் பின்னால் வாழ வந்தவளே,

அன்றைக்குக் குலசாமி கோயிலில் இருந்தவர்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். நான், நீ, உன் புருஷன் ராமையா, நம் நாத்தனார் பாக்கியம், காது குத்த வந்த ஆசாரி, என் மகன் முருகேசனை மடியில் வைத்திருந்த என் தம்பி கருப்பையா.

ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டான். ஆளுக்கொரு பக்கம் கைதட்டினார்கள், கிலுகிலுப்பை ஆட்டினார்கள். சட்டென்று அடங்கிவிட்டான். "சமத்துப்பா" என்றார்கள்.

"சமத்தில்லக்கா. வெரலெல்லாம் விரிச்சு வச்சிருக்கான், மொகத்தத் திருப்புறான், விக்கல் வருது. மெரண்டு போயிருக்கான்" என்றாய் நீ. யாரையும் கேட்காமல் புங்கமரத்தடிக்குத் தூக்கிப் போனாய்.

நெஞ்சோடு அணைத்து நின்றாய். குலுக்கவில்லை, தட்டவில்லை. ஒரே சீராக 'ம்ம்' என்று முனகினாய். கொஞ்ச நேரத்தில் வாய்விட்டு அழுதான். "இப்பப் பாலு குடுங்கக்கா" என்று நீட்டினாய். குடித்தபடியே தூங்கினான்.

அப்போதுதான் பாக்கியம், "பெத்தவளுக்குத் தெரியாதது பெறாதவளுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு நீ எந்தப் பிள்ளையையும் தொடவில்லை. முருகேசன் அழும்போதெல்லாம் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு கதவோரம் நிற்பாய். நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்?

நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. போன வாரம் முருகேசனின் பேத்திக்கு அதே கோயிலில் காதுகுத்து. மைக்செட் அலறல். துபாயில் இருக்கும் அப்பனுக்குக் காட்டுவதற்காக முகத்துக்கு நேரே செல்போன். கை மாறிக் கை மாறிப் போன பிள்ளை அழவே இல்லை. கூன் விழுந்த பாக்கியம்தான் தடியைத் தட்டினாள். "அடியே, வெரல விரிக்கிறா பாருங்கடி! செல்லாயி இருந்தா இந்நேரம் தூக்கிட்டு ஓடியிருப்பா."

நான்தான் தூக்கிப் போனேன். உன்னைப் போலவே முனகினேன். அழுதாள், தாயிடம் பால் குடித்தாள், தூங்கினாள். உன் பேரைச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகப் பாக்கியத்தை மன்னித்து விட்டுவிட்டேன்.

இனி நம் வீட்டில் எந்தப் பிள்ளை அப்படி அடங்கினாலும், உன் பேரைச் சொல்லித்தான் மரத்தடிக்குத் தூக்குவோம். சத்தியம்.

ஆனால், அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும், "இனி அடுத்தவ பிள்ளையத் தொட்டே, கைய ஒடிப்பேன்" என்று உன்னிடம் சொன்ன ஆளை விடமாட்டேன். சுவருக்கு அங்கிட்டு நின்று கேட்டேன். இன்றும் அந்த ஆள் வந்தால் சோறு போடுகிறேன்; முகத்தைப் பார்ப்பதில்லை. உன் புருஷன் ராமையாதான்.

உன் ஓரகத்தி,
அடைக்காயி