எதிர்ப்பக்கமாகச் சுற்றிய டேப்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். மோட்டர் விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பழைய படகு மோட்டர் கிளம்பிய பத்தாவது நிமிடம், சூடானதும் நின்றுவிடுகிறது என்று மூன்று மாதமாக மல்லுக்கட்டினேன் அல்லவா? பிளக் மாற்றினேன். துருப்பிடித்த முனைகளைச் சுரண்டினேன். வயர் முழுவதையும் புதிதாக இழுத்தேன். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில், போன வருடம் நானே மாட்டிய புதுசு என்ற தைரியத்தில் அதை மட்டும் தொடவில்லை.

ஒருநாள் உன் அண்ணியோடு போகும்போது நடு ஆற்றில் மோட்டர் நின்றுபோய், துடுப்புப் போட்டுத்தான் கரைசேர்ந்தேன். நீதான் கைகொடுத்து இறக்கிவிட்டாய். "வயசாயிடுச்சுண்ணே, மோட்டருக்கும் சரி, உங்க கைக்கும் சரி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதன்பிறகு நம் பட்டறைக்கு யார் மோட்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தாலும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நேற்று காயில் மூடியைத் திறந்தேன். புதுசைக் காணோம். விரிசல் விட்டதென்று நான் தூக்கிப்போட்ட பழைய காயில் அங்கே இருந்தது. விரிசலை மறைத்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றிய கறுப்பு டேப். நம் பட்டறையில் இடதுகைக்காரன் நீ ஒருவன்தான்.

உன் படகு ஒரே இழுப்பில் கிளம்பும்போதெல்லாம், "என் தம்பிக்குக் கைராசி" என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்தேனே!

அந்தப் புதுக் காயிலை நீயே வைத்துக்கொள். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உன் அண்ணியிடம் மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
உன்னோடு சேர்ந்து சிரித்த அண்ணன்