வலிக்காத ஊசி

என்னங்க,

மதிய ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும், குட்டியையும் அங்கேதான் விட்டுப் போகிறேன். சாப்பாடு மூடியிருக்கிறது.

இன்று குட்டிக்கு எலும்பு வீக்கத்துக்கான ஊசி நாள். வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை வெளியே எடுத்து வையுங்கள், ஜில்லென்று போட்டால் கடுக்கும். போன தடவை இடது தொடை, இன்று வலது.

கிருமியே இல்லாமல் எலும்பு வீங்குவானேன் என்று டாக்டர் டாக்டராக அலைந்தவள் நான். உடம்பே தன் எலும்போடு மல்லுக்கு நிற்கிறது என்று கேட்டுவந்து உங்களுக்குச் சொன்னவளும் நான். ஆனால் மகாராணிக்கு ஊசி போட அப்பாதான் வேண்டுமாம்! "நீ போட்டா வலிக்குது. அப்பா போட்டா வலிக்கவே இல்ல."

நேற்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது அதற்குத்தான். உங்கள் அம்மா போன் பண்ணியதற்கு இல்லை.

பி.கு.: இதைக் குட்டி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். "அப்பா போட்டாலும் வலிக்கும்மா. ஆனா அவர் கை நடுங்குது, பாவம். அதான் வலிக்கலன்னு சொல்றேன்" என்கிறாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

எனக்காக ஒரு தடவையாவது அப்படிப் பொய் சொல்லியிருக்கிறாளா அவள்?